மருந்துக்கடை ஆஸ்பத்திரி ஆகிறது! ஊசி யார் கையில்?

தண்டலம்:

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் வந்து நிற்கும். ஆட்கள் மளமளவென்று இறங்குவார்கள். பாதிப்பேர் டீக்கடைக்கு. மீதிப்பேரில் நாலைந்து பேர் மருந்துக்கடைக்கு.

"அண்ணே, ராத்திரியெல்லாம் குளிர் ஜுரம். நாளைக்கு டூட்டிக்குப் போயே ஆகணும். நல்லதா ரெண்டு மாத்திரை குடுங்க."

"இருமல் இருக்கா தம்பி? சளி?"

"கொஞ்சம் இருக்குண்ணே."

கவரில் நாலு மாத்திரை விழும். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, ரோஸ் கலரில் இரண்டு. காலையில் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஐந்தே நிமிடத்தில் வைத்தியம் முடிந்தது! சீட்டும் இல்லை, டாக்டரும் இல்லை.

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை, அங்கிருந்து ஒரகடம் வரை, ரோட்டோரத்தில் எந்த ஊரில் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். தண்டலத்துக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. மருத்துவக் கல்லூரியும் அதன் பெரிய ஆஸ்பத்திரியும் ஊரிலேயே இருக்கின்றன. அப்படியிருந்தும் காய்ச்சல் என்றால் கால் முதலில் போவது மருந்துக்கடைக்குத்தான்.

இப்போது மருந்துக்கடையே மாறிக்கொண்டு வருகிறது. மாத்திரை விற்ற இடத்தில் சர்க்கரை பார்க்கிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். ரத்தம் எடுத்து 'லேபு'க்கு அனுப்புகிறார்கள். பக்கத்து அறையில் சாயங்கால நேரத்தில் டாக்டர் வந்து உட்காருகிறார். சீமையில் இதற்கும் ஒரு படி மேலே போய், வெளிநாடு போகும் பயணிகளுக்குத் தடுப்பூசி போடும் 'டிராவல் கிளினிக்'கையே மருந்துக்கடைக்குள் வைத்துவிட்டார்கள்.

நம்ம ஊருக்கும் அது வருமா? வந்தால் ஊசியைப் பிடிக்கப்போவது யார் கை? இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் தண்டலத்துக்காரர்கள்தான். வெளிநாட்டுக்காரர் வருவதும், உள்ளூர்க்காரர் வெளிநாடு போவதும் இந்த ரோட்டில் தினசரி சங்கதி.

640 ரூபாய் எங்கே போகிறது?

"இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருக்க, கடைக்கு ஏன் போகிறான்?" என்று கேட்பது சுலபம். அவன் கணக்கைப் பார்த்தால்தான் புரியும்.

மாதம் 16 ஆயிரம் ரூபாய் சம்பளம் வாங்கும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2019 ஜூலையில் நிர்ணயித்த விகிதப்படி ஈ.எஸ்.ஐ.க்கு அவர் பங்கு முக்கால் சதவீதம். அதாவது 120 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம். அது 520 ரூபாய். ஆக மொத்தம் மாதம் 640 ரூபாய் அவர் பேரில் போய்ச் சேருகிறது. (சம்பள வரம்பு 2017-ல் 21 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.) அவருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் இலவசம்.

இருந்தும் கடையில் 80 ரூபாய், 100 ரூபாய் என்று கைக்காசைக் கொடுத்து மாத்திரை வாங்குகிறார்!

காரணம் என்ன? டிஸ்பென்சரிக்குப் போனால் அரை நாள் போச்சு. அரை நாள் போனால் அந்த நாள் வருகைப் படி போச்சு. சூப்பர்வைசரின் முகமும் கோணும்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால், வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வருஷத்துக்கு 91 நாள் வரை இந்தச் சலுகை உண்டு. ஆனால் நோய் வந்த முதல் 2 நாளுக்குப் பணம் கிடையாது. முந்தின நோய் தீர்ந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் அதற்கு விலக்கு.

சாதாரணக் காய்ச்சல் எத்தனை நாள்? அதே 2 நாள்தான்! சட்டம் கைவிட்ட அந்த 2 நாளைத்தான் மருந்துக்கடை பிடித்துக்கொண்டது.

ஆனால் காய்ச்சல் 2 நாளில் தீராமல் பத்து நாள் இழுத்தால் சங்கதி வேறு. கடையில் வாங்கிய மாத்திரைக்கு சர்டிபிகேட் கிடைக்காது. டிஸ்பென்சரிக்குப் போகாத ஒவ்வொரு நாளும் நஷ்டக் கணக்கில் போய்ச் சேரும்.

'புகார்' சொன்ன பையன்

வடக்கத்தித் தம்பிகள் கதை இன்னும் வேடிக்கை. "பையா, புகார்!" என்று வந்து நிற்பான். இந்தியில் அதற்குக் காய்ச்சல் என்று அர்த்தம். புதிதாகக் கடை வைத்தவர், 'நம்ம மேலேயே புகாரா?' என்று திடுக்கிடத்தான் செய்வார்! ஒரிசாக்காரர் பாஷையில் அது 'ஜ்வர'. நம்ம 'ஜுர'த்துக்குப் பக்கத்து வீடு. அவருக்குப் பிரச்சினை இல்லை.

வேடிக்கை அதோடு முடிந்தது. ஒரிசாவிலும் ஜார்க்கண்டிலும் காட்டோர மாவட்டங்களில் மலேரியா இன்னும் இருக்கிறது. அதிலும் 'பால்சிபாரம்' என்ற பொல்லாத ரகம். ஊருக்குப் போய்த் திரும்பிய பையனுக்குக் குளிர் ஜுரம் என்றால், முதலில் செய்ய வேண்டியது ரத்தம் பார்ப்பது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு கிடையாது. வெறும் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்து அனுப்பினால், சூடு தணியும். கிருமி தணியாது. பால்சிபாரம் மூளையைத் தாக்க ஒன்றிரண்டு நாள் போதும்.

டெங்கு காலத்தில் ஆபத்து வேறு விதம். பாரசிட்டமால் மட்டும் கொடுத்தால் பாதகமில்லை. "உடம்பு வலியும் சேர்த்துப் போகட்டும்" என்று டைக்ளோபினாக், ஐபுபுரூபன், ஆஸ்பிரின் வகை மாத்திரையைக் கவரில் சேர்த்துவிட்டால், ரத்தக் கசிவை அதுவே கிளப்பிவிடும்.

ஒரே காய்ச்சல். ஆள் எங்கிருந்து வந்தான் என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறுகிறது. பயண மருத்துவம் என்று பெரிய பெயரில் சொல்வதன் அடிப்படை இதுதான். 'எங்கே போய் வந்தே தம்பி?' என்ற ஒரு கேள்வி! மருந்துக்கடைக் கூட்டத்தில் அதைக் கேட்க யாருக்கு நேரம்?

கம்பவுண்டர் காலம்

டாக்டரும் மருந்தும் ஒரே கூரைக்குள் இருப்பது புதுசு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் டாக்டர் முன் அறையில், கம்பவுண்டர் பின் அறையில். சிவப்பு மிக்சரைப் பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்பதற்குக் காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுப்பார். டாக்டர் ஊசி போடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அந்த டிஸ்பென்சரிக்கு ராஜா கம்பவுண்டர்தான்!

மாத்திரை கம்பெனிகள் பெருகியதும் மிக்சர் போயிற்று. கம்பவுண்டரும் போனார். டாக்டர் ஒரு தெரு, மருந்துக்கடை ஒரு தெரு என்று ஆனது. இப்போது மறுபடி ஒட்டுகிறார்கள். ஒரு வித்தியாசம். அன்றைக்கு டாக்டர் மருந்து வைத்திருந்தார். இன்றைக்கு மருந்துக்கடை டாக்டரை வைத்துக்கொள்கிறது.

பெரிய கம்பெனிகள்தான் இதில் முந்தின. சென்னை கிரீம்ஸ் ரோட்டில் 1983-ல் திறந்த அப்பல்லோ ஆஸ்பத்திரி, 1987-ல் மருந்துக்கடை தொடங்கியது. 2002-ல் அப்பல்லோ கிளினிக். 2020-ல் டெலிபோனிலேயே டாக்டர். 2024 வாக்கில் கடைகள் 6 ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. 2006-ல் ஐதராபாத்தில் ஒரு டாக்டர் தொடங்கிய மெட்பிளஸ், 4 ஆயிரம் கடைக்கு மேல் வளர்ந்து, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்றும் இறங்கியது. (ஒரகடத்தில் டயர் செய்யும் அப்பல்லோ வேறு. அதற்கும் ஆஸ்பத்திரிக்கும் சம்பந்தம் இல்லை!)

இவர்கள் ஏன் சும்மா இருக்கவில்லை? மாத்திரையில் தள்ளுபடிப் போட்டி. ஒரு கடை 10 சதவீதம் என்றால் எதிர்க்கடை 20 என்கிறது. மத்திய அரசு 2008-ல் மக்கள் மருந்தகத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழக அரசு 2025 பிப்ரவரி 24-ந்தேதி ஒரே நாளில் 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. மாத்திரை விலை இப்படி இறங்கினால், கடைக்காரர் வேறு எதை விற்பார்? சேவையைத்தான் விற்க வேண்டும். சர்க்கரை பார்க்க ஒரு பட்டை, ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிடம். அதில் கிடைக்கும் லாபம் ஒரு அட்டை மாத்திரையில் கிடைப்பதில்லை.

சீமையில் என்ன நடக்கிறது?

இங்கிலாந்தில் பூட்ஸ் என்று ஒரு கடை. 1849-ல் நாட்டிங்காம் நகரில் மூலிகைக் கடையாகத் தொடங்கியது. இன்றைக்கு அந்தக் கடையில் பயணத் தடுப்பூசி போட்டுக்கொண்டு, அப்படியே சோப்பும் சீப்பும் வாங்கிக்கொண்டு போகலாம். போடுகிறவர் பயிற்சி பெற்ற மருந்தாளுனர். 'இன்ன ஊசியை, இன்ன வயதுக்காரருக்கு, இன்ன நிலையில் போடலாம்' என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்தான உத்தரவு அவர் கையில் இருக்கும். அதை மீறக்கூடாது.

2024 ஜனவரி 31-ந்தேதி முதல் அங்கே இன்னொரு ஏற்பாடு. தொண்டை வலி, காது வலி, பூச்சிக்கடிப் புண் உள்பட 7 நோய்களுக்கு டாக்டரிடம் போகாமலே மருந்துக்கடையில் வைத்தியம்! இதை அறிவித்தபோது பிரதமராக இருந்தவர் ரிஷி சுனக். அவருடைய தாயார் சவுத்தாம்ப்டன் நகரில் மருந்துக்கடை நடத்தியவர்.

அமெரிக்காவில் 2000-ல் மினசோட்டா மாநிலத்துக் கடைகளுக்குள் சின்னச் சின்னக் கிளினிக்குகள் வைத்தார்கள். 2006-ல் சி.வி.எஸ். என்ற பெரிய மருந்துக்கடைக் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. ஆனால் எல்லோருக்கும் பலிக்கவில்லை. உலகத்திலேயே பெரிய கடைக்காரரான வால்மார்ட் 2019-ல் ஆஸ்பத்திரிக் கடை திறந்தது. 2024-ல் 51 கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. லாபம் இல்லையாம்!

அப்படியானால் நம்ம மருந்தாளுனர் ஊசி போடலாமா? அந்த அதிகாரம் நம் சட்டத்தில் அவருக்குப் பொதுவாகக் கொடுக்கப்படவில்லை. கொரோனா தடுப்பூசி சமயத்தில், 2020 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிமுறையில் ஊசி போடக்கூடியவர்கள் வரிசையில் மருந்தாளுனரையும் சேர்த்திருந்தார்கள். அது அந்த ஒரு வேலைக்கு. சாதாரண நாளில் டாக்டர் எழுத வேண்டும். டாக்டரோ நர்சோ போட வேண்டும். கடையில் பில் போடும் பையனுக்கு ஊசிக்கும் சம்பந்தமே கிடையாது.

டாக்டர் உட்காரும் அறை கிளினிக் என்றால், அது தனிச் சமாச்சாரம். 1997-ல் வந்த தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் அதற்குத் தனிப் பதிவு வேண்டும். மருந்து விற்கும் லைசென்சை மாட்டி வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க முடியாது.

மஞ்சள் அட்டை இல்லையா? 6 நாள் காவல்!

வெளிநாடு போகிற ஆளுக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய்க்கு பிரேசிலிலும் தொழிற்சாலை உண்டு. ஒரகடத்தில் செய்த லாரிகள் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறுகின்றன. வெல்டர், பிட்டர், மெக்கானிக் என்று ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு.

அங்கே பல நாடுகளில் மஞ்சள் காய்ச்சல் இருக்கிறது. (நம்ம ஊர் மஞ்சள் காமாலை வேறு. இது வேறு.) தடுப்பூசி போட்ட சர்வதேச சர்டிபிகேட் இல்லாமல் அந்த நாட்டிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பினால், அந்த நாட்டை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். வீட்டார் மாலையோடு விமான நிலையத்தில் நிற்க, ஆள் காவலில்!

இவ்வளவு கெடுபிடி ஏன்? அந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம்மிடம் ஏராளம். டெங்குவைப் பரப்புகிற அதே கொசு. ரோட்டோரத்துப் பழைய டயரில் மழைத் தண்ணீர் நின்றால் அதற்குப் போதும். கொசு இருக்கிறது, கிருமி மட்டும் இல்லை. ஒரே ஒரு ஆள் கிருமியோடு வந்தால் என்னாகும் என்பதுதான் பயம்.

இந்த ஊசி எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது. எவ்வளவு பெரிய கடையானாலும் சரி. மத்திய அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டு, அங்கே முத்திரை குத்திக் கொடுக்கும் மஞ்சள் அட்டைதான் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒரு மையம். 1899-ல் தோன்றிய பழைய நிலையம். ராஜாஜி சாலையில் துறைமுக சுகாதார அலுவலகம் இன்னொன்று.

ஊசி போட்ட நாளிலிருந்து 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடி ஆகும். முன்பெல்லாம் 10 வருஷத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருந்தது. 2016 ஜூலை 11 முதல் ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் செல்லும். பழைய அட்டை வைத்திருப்பவருக்கும் இதே விதிதான். "தேதி தீர்ந்து போச்சு, மறுபடி போடணும்" என்று யாராவது சொன்னால் காசைக் கொடுக்க வேண்டாம்.

இது உயிருள்ள கிருமியைச் சாதுவாக்கிச் செய்த மருந்து. முட்டை ஒத்துக்கொள்ளாதவர், கர்ப்பிணி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், 60 வயதைத் தாண்டியவர் டாக்டரிடம் சொல்லாமல் கையை நீட்டக்கூடாது.

மற்ற ஊசிகள்

டைபாய்டு, ஹெபடைடிஸ் 'ஏ' போன்றவை வேறு கணக்கு. டாக்டர் எழுதினால் தனியார் கிளினிக்கிலும் போட்டுக்கொள்ளலாம். ஹஜ் போகிறவர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சவூதி போய்ச் சேர்வதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். ஹஜ் கமிட்டி மூலம் போகிறவர்களுக்கு அரசு முகாமிலேயே போடுகிறார்கள். தனியார் டிராவல்ஸ் மூலம் உம்ரா போகிறவர்தான் கடைசி நேரத்தில் அலைகிறார்.

ஏமாற்ற வசதியான இடமும் இந்தக் கடைசி நேரம்தான். "நாளைக்கு பிளைட்" என்று ஓடி வருகிறவர் எந்த ஊசி என்று கேட்கமாட்டார். குப்பியைப் பார்க்கமாட்டார். ரசீதும் கேட்கமாட்டார்.

நாய்க்கடி ஊசிக்கும் இதே அவசரம். ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவனை நாய் கடித்தால், கடையில் காசு கொடுத்து வாங்கப் போகிறான். அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம். தோலுக்குள் போடும் முறையானால் முதல் நாள், 3, 7, 28 என்று 4 தடவை. தசையில் போட்டால் நடுவில் 14-ம் நாளும் சேர்ந்து 5 தடவை. கடையில் ஒரு ஊசியோடு நிறுத்திவிட்டு, 'காசு இல்லை' என்று விட்டவன் உயிரோடு விளையாடுகிறான். அதற்கும் முன்னால், கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்.

பிரிட்ஜைப் பாருங்க!

மருந்துக்கடைக்குப் போனால் முதலில் சுவரைப் பாருங்கள். 20, 21 என்று எண் போட்ட இரண்டு லைசென்சு மாட்டியிருக்கும். தடுப்பூசியும் இன்சுலினும் விற்க அந்த 21 வேண்டும். பதிவு பெற்ற மருந்தாளுனர் கடையில் இருக்கிறாரா, அல்லது அவருடைய சர்டிபிகேட் மட்டும் சட்டத்துக்குள் தொங்குகிறதா என்பது அடுத்த கேள்வி. 'சர்டிபிகேட் வாடகை' என்று ஒரு வியாபாரம் உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். வெள்ளைக் கோட்டும் பெயர்ப் பட்டையும் அணிந்து அவர் நிற்க வேண்டும் என்று 2015-ல் வந்த விதி சொல்கிறது.

பிறகு பிரிட்ஜ். தடுப்பூசி 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி வரை உள்ள குளிரில்தான் இருக்க வேண்டும். அதே பிரிட்ஜில் தயிர்ச்சாதமும் தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தால், நிமிடத்துக்கு ஒரு தடவை கதவு திறக்கும். ராத்திரி கரண்ட் போய் வந்தால் யார் பார்த்தார்கள்? இன்னொரு பக்கம், அதிகக் குளிரில் உறைந்து போனாலும் ஹெபடைடிஸ், டெட்டனஸ் ஊசிகள் வீண். ஊசியைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. காசு கொடுத்து, வலியும் பட்டு, வெறும் தண்ணீரைப் போட்டுக்கொண்ட கதைதான்.

உள்ளே தெர்மாமீட்டர் வைத்து, காலையும் மாலையும் எழுதும் நோட்டு இருந்தால் அது நல்ல கடை. கேட்டால் கோபித்துக்கொள்கிறாரா? அடுத்த கடை பாருங்கள்.

ஊசி போட்ட பிறகு அரைமணி நேரம் உட்கார வைக்க வேண்டும். கொரோனா சமயத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். சிலருக்கு உடம்பு ஏற்காமல் திடீரென்று மூச்சு முட்டும். அந்த நிமிடமே 'அட்ரினலின்' போட ஆள் வேண்டும். ரோட்டோரத்துக் கடையில், ஸ்டூல்கூட இல்லாத இடத்தில், யார் போடுவார்?

மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று மத்திய அரசு 2016-லிருந்து சொல்லி வருகிறது. ஆன்டிபயாடிக்கை அடையாளம் காட்டத்தான் அந்தக் கோடு. பக்கத்து கேரளாவில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைப் பிடிக்க 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்று தனியாகச் சோதனையே நடத்தினார்கள்.

வெளிநாட்டு ஆர்டர் கையில் வந்துவிட்டதா? தண்டலத்தில் பஸ் ஏறிப் பூந்தமல்லியில் மாறி கிண்டிக்குப் போங்கள். 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரி இருக்கிற வளாகம்தான் கிங் இன்ஸ்டிடியூட். பெரிய குப்பியை ஒரு தடவை கலக்கினால் சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும் என்பதால், நாள் குறித்து, ஆள் சேர்த்துத்தான் போடுகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. அட்டையில் பாஸ்போர்ட் நம்பர் எழுதுவார்கள் என்பதால் அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். விமான டிக்கெட் 20-ந்தேதி என்றால், 10-ந்தேதியாவது ஊசி உடம்பில் ஏறியிருக்க வேண்டும்.